பெட்டியடியிற் கிடக்கும் ரேந்தை

கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பெற்ற இரணைமடுக் குளம் வட மாகாணத்துக் குளங்களுள் மிகப் பெரியது. அக்குளத்து நீரை நம்பி வாழும் குடும்பங்களுட் பெரும்பாலானவை அங்கே தொன்றுதொட்டு இருந்தவையல்ல. 1930-களில் தொடங்கிய குடியேற்றத் திட்டங்களின்கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்தவர்கள் ஒரு சாரார். 1958-இலும் 1977-இலும் நிகழ்ந்த கலவரங்களின் பின்னர் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் மற்றொரு சாரார். 1995-ஆம் ஆண்டின் இறுதியிலே குடாநாட்டை விட்டுப் பெயர்ந்தவர்கள் வேறொரு சாரார். இவர்களுட் பெரும்பாலோர் 2008-இன் இறுதியிலும் 2009-இன் தொடக்கத்திலும் மீண்டும் ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிழக்கு நோக்கிச் சென்றார்கள்.

இவ்வாறு பலமுறை பெயர்ந்த வீடுகளிற் பழம்பொருள் மிகுந்திராது என்பது வெளிப்படை. எனினும் றங்குப் பெட்டியின் அடியிலே, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சுற்றி வைத்த துணியாகவோ, குழந்தைக்கு முதன்முதல் அணிவித்த சட்டையாகவோ, பாட்டியின் தலையணை உறையாகவோ ஒரு பழந்துணி கிடைப்பதுண்டு. துணி மஞ்சளித்து, மடித்த இடமெல்லாம் இற்றுப் போயிருக்கும். ஓரத்திலே தைத்த ரேந்தை மட்டும் குலையாதிருக்கும். அதனை வீசிவிடுவதா, அப்படியே மூடி வைப்பதா, அன்றிப் புதிய உடுப்பொன்றிலே தைத்து அணிவதா என்பதே ஈண்டு ஆராய்வதற்குரிய பொருள். துணி இற்ற பின்னும் ரேந்தை ஏன் எஞ்சுகின்றது என்பதை முதலில் அறிந்துகொண்டால், மற்றவற்றிற்கு விடை காண்பது எளிதாகும்.

ரேந்தை என்பது போர்த்துக்கேயர் நம் மொழியில் விட்டுச் சென்ற சொற்களுள் ஒன்று. அவர்கள் மொழியில் இதன் பெயர் ‘ரெந்தா’. சிங்களத்திலும் அச்சொல்லே சிறிது திரிந்து ‘ரேந்த’ என வழங்குகின்றது. மேசை, அலுமாரி, சப்பாத்து, பொத்தான் என்பன வந்த வழியே இதுவும் வந்தது. காலிக் கோட்டையை 1640-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்கள் காலத்திலும் ரேந்தைத் தொழில் தென்கரையிலே நிலைத்து நின்றது. காலி, வெலிகமை ஆகிய ஊர்களிலே பெண்கள் மெத்தைபோன்ற ஒரு திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளிலே சுற்றிய நூல்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று தாண்டவும் முறுக்கவும் செய்து ரேந்தை பின்னுகின்றனர். அக்கட்டைகளைச் சிங்களத்தில் ‘பீரளு’ என்பர். அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே. துளையிட்ட தாளொன்று ஊசி குத்த வேண்டிய இடங்களைக் காட்டும். அந்தத் தாளே அவர்களுக்குச் சொத்து. தாயிடமிருந்து மகளுக்குச் சேர்வது. 2004-ஆம் ஆண்டு மார்கழி 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கரைகளுள் இக்கரையும் ஒன்று.

மேனாட்டிலே இயந்திரம் தோன்றுமுன் ஒரு விரற்கடை அகலமுள்ள நல்ல ரேந்தையைச் சிறிது நீளத்திற்குப் பின்னி முடிக்கவே பல நாள் சென்றது. ஆதலின் அங்கே உடுப்பைவிட ரேந்தையே விலை மிகுந்திருந்தது. கழுத்துப் பட்டியிலும் கைமுனையிலும் தைத்த ரேந்தையைச் சலவைக்கு முன் பிரித்தெடுப்பர், தனியே கழுவுவர், மீண்டும் தைப்பர். உடுப்புக் கந்தலானால் அதே ரேந்தை மற்றோர் உடுப்பிற்கு மாறும். உரிமைச் சாதனங்களிலே வெள்ளிப் பாத்திரத்தோடு சேர்த்து ரேந்தையையும் எழுதி வைத்தவர்கள் உண்டு. சுருங்கக் கூறின், ரேந்தை உடுப்பின் உறுப்பன்று. உடுப்பிலே சில காலம் தங்கிச் செல்லும் விருந்தாளி. பிரித்தெடுப்பதற்காகவே அது தைக்கப்பட்டது. பெட்டியடியிலே துணி அழிந்து ரேந்தை எஞ்சுவது இதனாலேதான். முறுக்கேறிய நூலால் நெருங்கப் பின்னப்பட்டமை ஒரு காரணம், துணியைப் போல அன்றாடம் உழைக்காமை மற்றொரு காரணம்.

தமிழ்ப் பெண்கள் இத்தொழிலைக் கற்ற வரலாறு காலியோடு முடிவதன்று. நாஞ்சில் நாட்டிலே நாகர்கோவிலுக்கு 1819-இல் வந்த இலண்டன் மிஷன் ஊழியர் சார்ள்ஸ் மால்ற் என்பவரின் மனைவியார், பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியிலே ரேந்தை பின்னும் பயிற்சியைத் தொடங்கினார். அக்காலத்திலே திருவிதாங்கூரில் அடிமைமுறை நடைமுறையிலிருந்தது. அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855-இல். அப்பள்ளிக்கு வந்த பிள்ளைகளுள் அடிமைகளாகப் பிறந்தவர்களும் இருந்தனர். அவர்கள் பின்னிய ரேந்தையை இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பத்தினர் விலைகொடுத்து வாங்கினர். பின்னியவர்களுக்குக் கிடைத்த கூலியிலே சிறிது சிறிதாகச் சேமித்து, அப்பணத்தைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட சிறுமியர் சிலர் இருந்தனர் என்பது மிஷன் வரலாற்றிலே பதிவான செய்தி. ரேந்தை என்றவுடன் அழகுப் பொருள், செல்வர் வீட்டு ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் தகும். ஒரு விரற்கடை நூற்பின்னல் ஒருத்தியின் விலையாக இருந்ததுண்டு.

இதிலே கசப்பான முரண்பாடொன்றும் உண்டு. பிறருடைய சட்டைக் கழுத்துக்கு அழகு செய்த அதே நாட்டிலே, நாடார் குலப் பெண்கள் தம் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. மேலாடை அணியலாம் என்னும் அரச விளம்பரம் 1859-இலே வெளியாயிற்று. மால்ற் தம்பதியரின் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து, திருநெல்வேலி நாட்டு இடையன்குடியிலே இத்தொழிலை வளர்த்தார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதப்பெற்ற அதே வீட்டின் நிழலிலே ரேந்தைத் திண்டுகளும் இருந்தன. இலக்கணத்தைத் தமிழுலகம் அறிந்த அளவிற்கு ரேந்தையை அறியவில்லை, அதிலே வியப்பொன்றுமில்லை.

பெண்ணின் கைவேலை வேலையென்று கணக்கில் வராமற் போவது பழைய காலத்தோடு ஒழிந்ததுமன்று. ஆந்திர நாட்டு நரசாபுரத்திலே கொக்கி ஊசியால் ரேந்தை பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னி, கடல்கடந்த சந்தைக்குப் பொருள் கொடுத்த அப்பெண்களை, ஓய்வுநேரத்தை வீணாக்காத இல்லத்தரசிகள் என்றே வணிகர் கூறினர். கூலியும் அதற்கேற்பவே அமைந்தது. இச்செய்தியை ஈண்டு கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

இயந்திர ரேந்தையின் கதையைச் சில வார்த்தைகளிற் சொல்லிவிடலாம். இங்கிலாந்திலே ஜோன் ஹீத்கோற் என்பவர் வலைப்பின்னல் இயந்திரத்திற்கு 1809-இல் காப்புரிமை பெற்றார்; 1816-இல் அவருடைய தொழிற்சாலையை இயந்திர எதிர்ப்பாளர் அணியொன்று உடைத்தது; ஆயினும் இயந்திரம் நின்றது. நூற்றாண்டின் பிற்பகுதியிலே சுவிற்சர்லாந்தில் தையற்பூவேலை இயந்திரம் வந்தது. அடித்துணியிலே பூவேலை செய்து, பின்னர் மருந்தால் அத்துணியைக் கரைத்துப் பூவை மட்டும் எஞ்சவைக்கும் முறையும் தோன்றிற்று. 1950-களின் பின் நைலோன் ரேந்தை கடைதோறும் மலிந்தது. ஆதலின் பெட்டியிற் கிடப்பதெல்லாம் கையாற் பின்னியது என்று கொள்ளுதல் தவறு. இயந்திரத்தில் வந்ததென்று இகழ்தலும் தவறு. பாட்டி காசுகொடுத்து வாங்கித் தைத்த பருத்தி ரேந்தையும் இன்று எளிதிற் கிடைக்காத பொருளே.

எவ்வகை என்று அறிவது எப்படி? கறுப்புத் துணியொன்றின்மேல் ரேந்தையை விரித்துப் பகல் வெளிச்சத்திலே பார்த்தல் வேண்டும். ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சென்றிருந்தால் அது கொக்கி ஊசி வேலை; தலையணை உறைகளிலே பெரும்பாலும் காண்பது இதுவே. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணிபோலச் சில இடங்களிலும், சடைபோலச் சில இடங்களிலும் சென்றால் அது திண்டிலே பின்னியது. பூக்கள் எல்லாம் ஓரளவு ஒத்திருந்து, உற்று நோக்குமிடத்து ஒன்றோடொன்று சிறிது வேறுபட்டால் கைவேலை. ஒரே பிழை ஒரே இடைவெளியிலே திரும்பத் திரும்ப வருமாயின் அது இயந்திரத்தின் பிழை. நூல் பருத்தியா நைலோனா என்று ஐயம் எழுந்தால், அறுந்த முனையிலிருந்து ஓரிழையை உருவி நெருப்பிற் காட்டலாம். பருத்தி தாள் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். நைலோன் உருகிக் குண்டுமணி போலத் திரளும்.

இனி, பழந்துணியிலிருந்து ரேந்தையைப் பிரிக்கும் வேலை. பலர் ரேந்தையைக் கெடுப்பது இங்கேதான். ஒருமுனையைப் பிடித்து ‘பர்’ரென்று இழுத்தால் தையலோடு ரேந்தையின் ஓரக்கட்டும் அறுந்துவரும். துணியின் உட்புறத்தைத் திருப்பி, கூர்மையான சிறு கத்தரியால் மூன்று நான்கு தையலுக்கொன்றாக வெட்டி, வெட்டிய நூலை மறுபுறத்திலிருந்து மெல்ல உருவவேண்டும். எங்கேனும் பிடித்துக்கொண்டால் வெட்ட வேண்டியது துணியையேயன்றி ரேந்தையையன்று. துணியின் நிலை அறிந்தே பிரிக்க முற்படுவதும் முக்கியம். முழுச் சட்டையும் நல்ல நிலையிலே இருக்குமாயின், அது ஒரு குழந்தையின் சட்டை என்பதே அதன் பெறுமதி. அதனைப் பிரிப்பது நியாயமன்று. துணி தொட்டவிடத்திலே கிழியும் நிலையில் இருந்தால் மட்டுமே ரேந்தையை விடுவித்தல் தகும்.

கழுவுவதற்குப் பழைய முறையொன்றுண்டு. அதனினும் நல்லதொன்று இன்னும் வரவில்லை. கண்ணாடிப் போத்தலொன்றிலே வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றித் தைத்து, அதன்மேல் ரேந்தையை இழுக்காமற் சுற்றி, மேலே மெல்லிய துணியொன்றாற் போர்த்து நூலோட்டமிட்டுக்கொள்ள வேண்டும். மென்மையான சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரிலே அப்போத்தலை ஓரிரவு நிறுத்தி, நீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் அழுக்குத் தானே கழன்றுவிடும். தேய்த்தலும் பிழிதலும் ஆகா. வன்னியிலே சில கிணறுகளின் நீர் இரும்புத்தன்மை உடையது; அந்நீர் வெள்ளை நூலிலே செம்மஞ்சட் கறை படிய வைக்கும். மாரியிலே பிடித்து வைத்த மழைநீர் இதற்கு மிக ஏற்றது. வெளிற்றும் தூளை அணுகவிடலாகாது. அது மஞ்சளை நீக்குவதோடு நூலின் உயிரையும் நீக்கிவிடும். பழைய ரேந்தை தந்தநிறமாக இருப்பது குற்றமன்று.

அந்தத் தந்தநிறம் புதிய வெள்ளைத் துணியோடு பொருந்தாது என்று வருந்துவோர் ரேந்தையையே தேயிலைச் சாற்றிலோ நீலத்திலோ தோய்ப்பதுண்டு. அது தலைகீழான வழி. தோய்க்க வேண்டியது புதிய துணியையேயாகும். வடித்த தேயிலைச் சாற்றை நன்றாக ஐதாக்கி, ஒரு சிறு துண்டுத் துணியை முதலில் நனைத்து உலர்த்திப் பார்த்து, பின்னர் முழுத் துணியையும் நனைத்தால் இரண்டும் ஒரு நிறமாகிவிடும். துணி மெல்லிய பருத்தியாக இருத்தல் நன்று. மினுங்கும் செயற்கைத் துணியிலே பருத்தி ரேந்தையைத் தைத்தால், ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. முதற் சலவையிலேயே ஓரம் நெளியும். பருத்தியாயினும் வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்தல் வேண்டும்.

அளவு பார்ப்பதிலே ஓர் எச்சரிக்கை. ஒன்றரை யார், அஃதாவது 54 அங்குலம் நீளமுள்ள ரேந்தை இருக்கின்றது என்போம். குழந்தையின் சட்டைக்குக் கழுத்து 12 அங்குலம், கைகள் இரண்டும் சேர்ந்து 16 அங்குலம். சுருக்கு வைத்துத் தைப்பதாயின் ஒன்றரை மடங்கு வேண்டும். கழுத்துக்கு 18, கைகளுக்கு 24, ஆக 42 அங்குலம். போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அப்படிச் செய்தால் ரேந்தை மூன்று துண்டாகும். எஞ்சும் 12 அங்குலம் நான்காவது துண்டு. அடுத்த முறை அதனை வேறு உடுப்பிற்கு மாற்றுவோர் கையிலே துண்டுகள் மட்டுமே இருக்கும். அதனினும் சட்டையின் கீழோரத்திலோ, மார்புப் பகுதியைச் சுற்றியோ, வெட்டாமல் ஒரே நீளமாக ஓடவிடுதல் மேல். கழுத்துக்கும் கைக்கும் கடையிலே வாங்கும் புதிய ரேந்தை போதும். நடுவே அறுந்த ரேந்தையாயின், இரு துண்டுகளின் பூக்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, பூவின் விளிம்பை ஒட்டியே தைத்தால் இணைப்புத் தெரியாது.

தையல் கையாலேயே நிகழ்தல் வேண்டும். துணியின் ஓரத்தை விரலாற் சுருட்டி, ரேந்தையின் ஓரக்கட்டை அதனோடு சேர்த்துப் பிடித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் மேற்றையலால் தளர்வாகத் தைத்தல் தகும். நூல் ரேந்தையின் நூலிலும் மெல்லியதாக இருக்கவேண்டும். உரமான பொலியெஸ்ரர் நூல் நெடுங்காலம் நிற்கும் என்பது உண்மையே. எங்கேனும் கொளுவி இழுபடும்போது அந்நூல் அறாது, ரேந்தையே அறும். மெல்லிய பருத்தி நூலாயின் தையல் முதலில் விட்டுக்கொடுக்கும், ரேந்தை பிழைத்துக்கொள்ளும். விட்ட தையலை மீண்டும் போடுவதற்குக் கால்மணி நேரம் போதும். இயந்திரத்திலேதான் தைக்கவேண்டும் என்னும் நிலை வந்தால், 9-ஆம் அல்லது 11-ஆம் இலக்க ஊசியைப் பூட்டி, ரேந்தைக்குக் கீழே மெல்லிய தாளொன்றை வைத்துத் தைத்து, பின்னர் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம்.

போருக்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கொடுக்கப்பட்ட பொருள்களுட் தையல் இயந்திரம் ஒன்று. இரணைமடுப் பக்கத்திலும் வீட்டு விறாந்தையிலே இயந்திரத்தை வைத்துத் தைத்துக் கொடுக்கும் பெண்கள் உளர். ஆயத்த உடுப்புக் கடைகளோடு விலையிலே போட்டியிட இவர்களால் இயலாது. பழைய ரேந்தையைப் பிரித்து, கழுவி, புதிய சட்டையிலே பொருத்தித் தருவது கடை செய்யாத வேலை. எந்தக் கடையும் செய்ய முற்படாத வேலை. அதற்குக் கூலி கேட்பதிலேதான் தயக்கம். ஒரு சட்டை தைத்த கூலியைக் கேட்பவர்கள், ரேந்தை பிரித்த இரண்டு மணி நேரத்தையும் கழுவி உலர்த்திய ஒரு நாளையும் கணக்கிற் சேர்ப்பதில்லை. அயல்வீட்டுக்காரியின் தாயார் வைத்த பொருளாயிற்றே, எப்படிக் கேட்பது என்பர். நரசாபுரத்துப் பெண்களின் செய்தி இங்கேதான் நினைவிற்கு வரவேண்டும். பிரித்தலுக்கு இவ்வளவு, கழுவுதலுக்கு இவ்வளவு, கைத்தையலுக்கு இவ்வளவு என்று முன்னரே வேறுவேறாகச் சொல்லிவிடுதல் இருவருக்கும் நலம். கேட்பவர் மறுத்தால் ரேந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டியிலே கிடப்பதால் அதற்குக் கேடு வந்துவிடாது, வைக்கும் முறை சரியாக இருக்குமாயின்.

வைக்கும் முறை இதுதான். மடித்து வைத்தால் மடிப்பிலே அறும். ஆகவே தடித்த தாட்குழாயொன்றை வெள்ளைத் துணியாற் சுற்றி, அதன்மேல் ரேந்தையைச் சுருட்டுதல் வேண்டும். கஞ்சி போட்டு வைக்கலாகாது. இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. நெகிழிப் பையிலே கட்டினால் மாரிகாலத்து ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். செய்தித்தாளின் மை ஒட்டும். இரும்பு ஊசி துருவேற்றும். உலர்ந்த வேப்பிலையைச் சிறு துணிப்பையிலே கட்டி, ரேந்தையிற் படாமற் பெட்டியின் மூலையிலே வைக்கலாம். பங்குனியிலோ சித்திரையிலோ வெயில் ஏறிய நாளொன்றிலே எடுத்து, நிழலிலே ஒரு மணி நேரம் விரித்துக் காற்றாட விட்டு, முன்னைய சுருளின் எதிர்ப்புறமாகச் சுருட்டி மீண்டும் வைத்துவிடலாம். குழாயின் உட்புறத்திலே சிறு தாளொன்றிற் பென்சிலால் அது யாருடைய சட்டையிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டிலே பிரித்தது என்று எழுதிச் செருகி வைப்போரும் உண்டு.